கருவிக் காதலும் இசைப் பயிற்சியும்

இசைக்கலையை மேற்கொள்வார்க்கு இருவகை வேட்கை உண்டு. ஒன்று, இசையை ஆக்கவேண்டும் என்னும் வேட்கை. மற்றொன்று, அதனை ஆக்குதற்குரிய கருவியை அடையவேண்டும் என்னும் வேட்கை. இவ்விரண்டும் தொடக்கத்தில் உடன்பிறந்தார் போல ஒருங்கே தோன்றுவன. குழலூதக் கருதும் சிறுவன் நல்ல குழலை விரும்புதல் இயல்பே. ஆயினும், காலம் செல்லச் செல்ல இரண்டாவது வேட்கை முதலாவதனை விழுங்கிவிடுதலும் உலகியலிற் காணப்படுகின்றது. மின்கிற்றாரையும், அதன் ஒலியைப் பெருக்கித் தருவதும் வழக்கில் அம்பிளிபயர் எனப்படுவதுமாகிய விரியலாக்கியையும் போற்றுவார் கூட்டத்தில் இந்நிலை இற்றைநாளில் மிக வெளிப்படையாக உள்ளது. அவருட் பலர் எந்த வால்வு சிறந்தது, எந்த மின்மாற்றி பழைய ஒலியைத் தரும், எந்த ஆண்டிற் செய்த பெட்டி உயர்ந்தது என்பனவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்வர். ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவுவரை வாசித்துப் பழகுதற்கு மட்டும் அவர்க்குப் பொழுது வாய்ப்பதில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதும், இலங்கை மலைநாட்டுத் தமிழ் மாணவர்க்கு இதனாற் பெறப்படும் படிப்பினை யாது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

கருவியை வியந்து போற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. முடத்தாமக்கண்ணியார் கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையின் தொடக்கத்திலேயே யாழின் வருணனை விரிவாக அமைந்துள்ளது. பத்தலின் பிளவுபட்ட வடிவுக்கு மானின் குளம்புச்சுவடும், துளைகளை அடைத்த ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணும், வறுவாய்க்கு எட்டாம் நாள் திங்களும், மருப்புக்குத் தலையெடுத்த பாம்பும், நரம்புக்குக் குற்றிய தினையரிசியும் உவமையாகின்றன. உறுப்பு உறுப்பாகக் கருவியை நோக்கி மகிழ்ந்த ஒரு கண் அங்கே தொழிற்படுகின்றது. ஆயின் புலவர் அவ்வருணனையோடு நின்றுவிடவில்லை. அந்த யாழிற் பிறக்கும் பாலைப்பண்ணைக் கேட்ட ஆறலைகள்வரும் தம் படைக்கலங்களைக் கைவிட்டு அருளுடையராவர் என்று அவர் பேசுகின்றார். ஆணியிலும் நரம்பிலும் தொடங்கிய பேச்சு, கேட்டார் நெஞ்சில் விளைந்த மாற்றத்தில் வந்து முடிகின்றது. கருவியின் சிறப்பை அறிவிக்கும் சான்று அதன் பயனே என்பது புலவர் கொள்கையாதல் வேண்டும்.

இதனினும் நுண்ணியதொரு சான்று சீவகசிந்தாமணியிற் கிடைக்கின்றது. 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட அக்காப்பியத்தின் காந்தருவதத்தையார் இலம்பகம், யாழ்ப்போட்டி ஒன்றைப் பொருளாகக் கொண்டது. தன்னை இசையில் வெல்வானையே மணப்பேன் என்ற காந்தருவதத்தையின் அவையில், சீவகனுக்கு யாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்படுகின்றன. இது நீரில் நின்று இளகிய மரத்தாலாயது, இது வாளால் வெட்டுண்டது, இஃது இடியுண்டது என ஒவ்வொன்றின் குற்றத்தையுங் கூறி அவன் விலக்குகின்றான். நரம்பின் புரியில் மறைந்து கிடந்த மயிரையும் அவன் அவையோர்க்கு எடுத்துக் காட்டுகின்றான். இற்றைநாள் விரியலாக்கி அன்பர் எவரும் இவன்போல் நுணுகி ஆராய்ந்திரார்.

அங்ஙனமாயின் சீவகனுக்கும் அவர்க்கும் வேறுபாடு யாது எனின், இரண்டு வேறுபாடுகள் உள. முதலாவது, சீவகனது கருவியறிவு பயிற்சியின் வழிப் பிறந்தது. பன்னாள் யாழ் வாசித்த விரலுக்கும் செவிக்குமே மரத்தின் குற்றம் ஒலியின் குற்றமாகப் புலப்படும். விலைப்பட்டியலைப் படித்து அவ்வறிவைப் பெறுதல் இயலாது. இரண்டாவது, அவன் ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை இருந்தது. தக்க யாழ் கைக்கு வந்தவுடன் ஆராய்ச்சி முடிந்தது, வாசிப்புத் தொடங்கியது, அவையோர் முன்னிலையில் வெற்றி தோல்வி தெரிந்தது. யாழ்களை விலக்கியதோடு சீவகன் வீடு திரும்பியிருப்பின் திருத்தக்கதேவர்க்குக் காப்பியம் இராது.

இனி, மேலைநாட்டு விரியலாக்கியின் வரலாற்றை நோக்குதல் தகும். அக்கருவியை உருவாக்கியோருள் தலையாயவர் அமெரிக்கரான லியோ பெண்டர் (1909–1991). அவர் கிற்றார் வாசிக்கக் கற்றவரல்லர். வாசிப்போர் கூறியவற்றைச் செவிமடுத்துத் தம் கருவிகளைத் திருத்தியவர். அவரது நிறுவனம் 1950களில் வெளியிட்ட 'பாஸ்மன்' என்னும் பெட்டி தாழ்சுரக் கிற்றார்க்கென அமைந்தது. ஏனைய கிற்றார்க் கலைஞர் அதன் ஒலி தமக்கு உகந்ததெனக் கண்டு தாமே அதனைக் கைக்கொண்டனர். இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், தம்மிடம் வந்த இளைஞர் வேண்டியதற்கிணங்க, 1960களின் தொடக்கத்தில் அப்பெட்டியின் சுற்றமைப்பைத் தழுவித் தம் முதல் விரியலாக்கியை வெளியிட்டார். இவ்வரலாறு முழுவதிலும் வாசிப்போன் முன்னே செல்கின்றான். கருவி அவன்பின் வருகின்றது.

கலைஞர் விரும்பிய ஒலியோ பொறியியல் நூலின்படி ஒரு பிழை. வால்வின் தாங்குதிறனுக்கு மிஞ்சிய அலையைச் செலுத்தினால் அலையின் முகடுகள் தட்டையாகி, மூலவொலியில் இல்லாத மேற்றொனிகள் பிறக்கும். அந்தக் கரகரப்பை நீக்கவே பொறியியலார் முயன்றனர். இளைஞரோ அதனிடத்து ஒரு வேகத்தையும் உருக்கத்தையும் கேட்டனர். 1964இல் 'கிங்ஸ்' என்னும் ஆங்கிலக் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், மலிவானதொரு சிறு பெட்டியின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர அலகினாற் கிழித்து, தாம் தேடிய ஒலியைப் பெற்றார். அவ்வொலியோடு வெளிவந்த 'யூ றியலி கொற் மீ' என்னும் பாட்டு உலகெங்கும் பரவியது. பிரையன் மே என்னும் மற்றொருவர், விலைகொடுத்துக் கிற்றார் வாங்க இயலாமையால், தம் தந்தையாரோடு சேர்ந்து 1963இல் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய வீடொன்றின் கணப்படுப்புச் சட்டத்து மரம் அதற்குக் கழுத்தாயிற்று. அம்மரத்திற் பூச்சி அரித்த துளைகள் தீக்குச்சிகளால் அடைக்கப்பட்டன. சீவகன் இதனைக் கண்டிருப்பின் விலக்கியிருப்பானோ என்னும் ஐயம் எழலாம். அவனும் செவியாற் கேட்டபின் ஏற்றிருப்பான் எனலே பொருந்தும். கணை நேராயினும் கொடிது, யாழ் வளைந்ததாயினும் இனிது, ஆதலின் எதனையும் அதன் செயலால் அறிக என்பது வள்ளுவர் காட்டிய நெறி.

இத்தகைய வரலாற்றுக்கு நேர்மாறானது இற்றைநாட் போக்கு. ஒருவர் தம் இசைக்காகத் தற்செயலாகவும் வறுமையாலும் கண்டடைந்த ஒலியை, மற்றையோர் அதே பெட்டியை வாங்கிப் பெற முயல்கின்றனர். அன்று கடைச்சரக்காய் இருந்த பெட்டிகள் இன்று அரும்பொருளாய்ப் பெருவிலை பெறுகின்றன. 50 வாற்றுப் பெட்டியை விட்டு 100 வாற்றுப் பெட்டியை வாங்குவோன் ஒலி இருமடங்காகும் என எண்ணுகின்றான். வலு இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றுதற்கு ஏறத்தாழப் பத்துமடங்கு வலு வேண்டும். இதனை அறிந்தோரும் வாங்குகின்றனர். ஆதலின் வாங்குவதன் காரணத்தை ஒலியிலன்றி வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது.

அக்காரணம் மனித மனத்தின் இயல்பிலேயே உள்ளது. கருவியை வாங்குதல் ஒரு நாளில் முடியுஞ் செயல். முடிந்தவுடன் நிறைவைத் தருவது. பயிற்சிக்கோ முடிவில்லை, பல நாட்களில் முன்னேற்றமும் புலப்படாது. கருவியைப் பற்றி எவரும் பேசலாம், எண்களால் அளந்து காட்டலாம், வாதிடலாம். வாசிக்குங்காலோ தன் குறை பிறர்முன் வெளிப்படும். அக்கூச்சத்திலிருந்து தப்புதற்குக் கருவியாராய்ச்சி ஒரு மறைவிடமாகின்றது. இன்னும் ஒரு நல்ல பெட்டி கிடைத்தால் வாசிக்கத் தொடங்கலாம் என்று நாளைக் கடத்துவோன் தன்னைச் சோம்பேறி என எண்ணுவதில்லை. தான் ஆயத்தம் செய்வதாகவே எண்ணுகின்றான். இதுவே இதனிலுள்ள இடர்.

இவ்வாறு கூறுதலால் மின்னொலிக் கருவிகளே வேண்டா என்பது கருத்தாகாது. மாண்டலின் உ. சிறீநிவாஸ் (1969–2014) மேலைநாட்டு மின்மாண்டலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். மாண்டலினின் ஒலி விரைவில் அடங்கிவிடுவது. கமகத்துக்கோ நீண்டு நிற்கும் ஒலி தேவை. இரட்டைத் தந்திகளை நீக்கி, ஒற்றைத் தந்திகள் ஐந்தாக அமைத்து, மின்னின் துணையால் ஒலியை நீளச்செய்து அக்குறையை அவர் போக்கினார். இங்குக் கருவியிற் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் இசையினின்றும் பிறந்த ஒரு காரணம் உண்டு. காரணத்தைச் சொல்லக்கூடிய மாற்றமே கலைஞனுக்கு உரியது.

மலைநாட்டுத் தோட்டங்களில் இவ்வாராய்ச்சி தப்பு என்னும் பறையினிடத்து வந்து சேர்கின்றது. கந்தப்பளை போன்ற, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 6,000 அடி உயர்ந்த ஊர்களில் மழையும் பனிமூட்டமும் தோலை விரைவில் தளர்த்திவிடும். ஆதலால் தப்படிப்போர் சருகுகளையும் சுள்ளிகளையும் மூட்டி, அத்தீயிலே தப்பைக் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிக்கொள்வர். அளவு மிஞ்சினால் தோல் வெடிக்கும். குறைந்தால் ஒலி எழாது. விரலாற் சுண்டிப் பார்த்துப் பதமறிந்து எடுப்பர். சீவகன் நரம்பை ஆராய்ந்தமைக்கு இஃது எவ்வகையிலுங் குறைந்ததன்று. இதற்கும் எல்லை உண்டு: பதம் வந்தவுடன் அடி தொடங்கும்.

இக்கருவியோடு தோட்டமக்களின் வரலாறு பிணைந்துள்ளது. விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆளழைத்ததும் தப்பே; மாசியிற் காமன்கூத்துக்கு முன்னின்றதும் அதுவே; இறந்தாரை வழியனுப்பியதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. அவ்வேறுபாடுகள் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. மூத்தோர் கையிலிருந்து இளையோர் கைக்கு வந்தவை. சாதி இழிவைச் சுமத்தி அக்கருவியைத் தாழ்த்தியமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்விழிவுக்கு அஞ்சிப் பிள்ளைகள் அதனைத் தொடாதிருத்தலைக் குற்றமென்றல் பொருந்தாது. ஆயினும் கோயில் விழாக்களில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, அயலூர்ப் பெட்டிகளினும் இவை பெரியன என்று பெருமை பேசும்பொழுது, இழப்பது யாது என்று எண்ணவேண்டும். அப்பெட்டிகளின்வழி எழுவது எங்கோ பதிவுசெய்யப்பட்ட பாட்டு. அதற்கு ஊரிலுள்ள ஒருவனது கையும் தேவைப்படுவதில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கருவி மிகுந்தோர் கருவியாசையை விடுத்தல் தகும். கருவியே இல்லாத தோட்டப் பாடசாலை மாணவர்க்குக் கருவி பெரிதன்று என அறிவுறுத்தல் கொடுமையன்றோ என்பது அத்தடை. இது முற்றும் நியாயமான தடை. ஓர் அளவு வரை கருவி இன்றியமையாதது. சுருதி நில்லாத ஆர்மோனியத்தில் எந்த மாணவனும் சுருதி கற்கமாட்டான். அவ்வளவேனும் கிடைக்கச் செய்தல் பெரியோர் கடன். ஆனால் கிடைத்தபின்னும் ஓர் இடர் உண்டு. அரிதிற் பெற்ற கருவி பழுதாகிவிடும் என்றஞ்சி அதனை அலமாரியிற் பூட்டிவைத்து, பரிசளிப்பு விழாவன்று மட்டும் வெளியே எடுத்தல் அது. பெருநகரச் செல்வனது கருவிக் காதலும், ஏழைப் பாடசாலையின் இப்பூட்டும் காரணத்தால் வேறாயினும் விளைவால் ஒன்றே. இரண்டிடத்தும் கருவி பேணப்படுகின்றது, இசை பிறப்பதில்லை.

கைப்பழக்கம் அறுந்தால் நேர்வது யாது என்பதற்கு யாழே சான்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் நூல்களையும் உரைகளையும் நெடுங்காலம் ஆராய்ந்து இயற்றிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதத்திலேயே அவர் மறைந்தார். நரம்புகளின் எண்ணும் அளவும், பண்களின் கணக்கும் அப்பேரறிஞரின் உழைப்பால் விளக்கம் பெற்றன. ஆயினும் முடத்தாமக்கண்ணியார் காலத்துப் பாலைப்பண் எவ்வாறு ஒலித்தது என்று வாசித்துக்காட்ட ஒரு கையும் எஞ்சியிருக்கவில்லை. யாழின் உறுப்புகளைப் பாடிய பாட்டு நிலைத்தது. யாழாசிரியனுக்குப்பின் மாணாக்கன் இல்லாமையால் இசை மறைந்தது.

தப்புக்கு அந்நிலை இன்னும் நேரவில்லை. அடிகளை அறிந்த மூத்தோர் தோட்டங்களில் இன்றும் உள்ளனர். அவரிடம் சென்று கற்றற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. மாலைப்பொழுதும் பணிவும் போதும். கிற்றார் கற்கும் இளைஞனுக்கும் இதுவே கூறத்தக்கது. கையிலுள்ள பெட்டியைக்கொண்டு ஒரு பாட்டை முழுவதும் வாசிக்கட்டும். வாசித்தபின் அந்தப் பாட்டுக்கு எது குறைகின்றது என்பதை அவன் செவியே உரைக்கும். அவ்வாறு செவி கேட்கும் கருவியை வாங்கித்தருதல் பெற்றோர்க்கும் பாடசாலைக்கும் தகும்.