வெண்ணெய்நல்லூர் வழக்கு

சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோர், மணப்பந்தரில் ஓலை கிழிபட்டதைச் சொன்னவுடன் திருவருட்டுறைக் கோயிலுக்குத் தாவிவிடுகின்றனர். இடையே திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த வழக்கு விடுபட்டுப் போகிறது. சேக்கிழாரோ அவ்விடத்தில்தான் நின்று, நிதானமாகப் பாடுகிறார். சோழர் அமைச்சராக விளங்கியவர் எனப்படும் அவருக்கு வழக்குமன்ற நடைமுறை புதிதன்று.

வழக்கிட்ட முதியவர் இறைவனே. ஆயினும் அவையில் அவர் அற்புதம் எதையும் நிகழ்த்தினாரல்லர். அந்தணன் அடிமையாதல் எங்கும் இல்லையே என்று அவையோர் அவரை மறுக்கின்றனர். ஓலையை வலிய வாங்கிக் கிழிப்பது வெற்றியாகுமோ என்று ஆரூரரையும் வினவுகின்றனர். வழக்கு நடப்பது வாதியின் ஊரில். ஆனால் அங்கே வந்து பேசுமாறு அழைத்தவர் ஆரூரர்தாம் என்பதையும் புலவர் மறவாமல் சொல்லிவிடுகிறார்.

பின்னர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு அவை பணிக்கிறது. கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உண்டு என்கிறார் முதியவர். அதுவும் கிழிபடாமல் காப்பதாக அவையோர் உறுதி கூறிய பின்னரே அதனை வெளியே எடுக்கிறார். எழுத்தைப் பேரனே பார்த்துச் சொல்லட்டும் என்ற பேச்சையும் அவர் ஏற்கவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்வித்து ஒப்புநோக்கச் செய்கிறார். எழுத்து ஒத்திருந்தது, நம்பி தோற்றார்.

மலேசியாவின் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தோடு ஒப்பிடுங்கால் இப்பகுதியின் அருமை நன்கு விளங்கும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்வழி அமைந்த அம்மன்றம் 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை விசாரிக்கிறது. கட்டணம் 5 வெள்ளியே. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல், வாங்கியவரும் விற்றவரும் தாமே நின்று பேசுவர். இருவரையும் இணக்கப் பேச்சுக்குக் கொணர முடியுமா என்று மன்றம் முதலில் ஆராயும். இணங்கினால் அவ்விணக்கமே தீர்ப்பாகப் பதிவாகும்.

இந்த இணக்கப் படி வெண்ணெய்நல்லூரில் இல்லை. அதைக் குறை என்பாரும் இருக்கலாம், அது பொருந்தாது. பழுதான குளிர்பதனப் பெட்டியைச் செப்பனிடலாம், மாற்றித் தரலாம், விலையில் ஒரு பகுதியைத் திருப்பலாம். அடிமை என்பதில் பாதி ஏது? இடைவழி இல்லாத வழக்கில் அவை இடைவழி தேடாததே முறை.

ஆனால் சான்று பற்றிய பகுதி இரண்டிடத்தும் ஒன்றே. தோட்டத்து மக்கள் கடைக்காரர் முகத்தை நம்பிப் பொருள் வாங்குவர். பற்றுச்சீட்டைக் கேட்பதுகூட அவமரியாதை எனக் கருதுவோர் உண்டு. கேட்டு வாங்கிய சீட்டும் வெப்பத்தாளில் அச்சானதாயின் சில திங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். படியைக் கையில் கொண்டு, மூலத்தைத் தனியே காத்த கிழவரின் விழிப்பை இங்கே மாணவர்க்கு எடுத்துக்காட்டாமல், பித்தா என அழைத்த நயத்தை மட்டும் பாராட்டுவது பாடலைப் பாதி படிப்பதாகும்.

தீர்ப்பு முடிந்தபின் அவையோர் இன்னுமொன்று கேட்கின்றனர்: இவ்வூரில் உமது வீடு எது? அப்போதுதான் முதியவர் திருவருட்டுறைக்குள் புகுந்து மறைகிறார். அற்புதத்தை வழக்கு முடியும்வரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறார் சேக்கிழார்.