303 துப்பாக்கியின் முத்திரைகள்

இலங்கைப் பொலிஸாரின் கையில் நெடுங்காலம் இருந்த 303 துப்பாக்கியின் பெயர் லீ என்பீல்ட். அதன் இரும்பிலும் மரத்திலும் அடிக்கப்பட்ட முத்திரைகளை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது பிறந்த ஊரும் உழைத்த இடங்களும் தெரியவரும்.

1907இல் வந்த மூன்றாம் மார்க் வகையில் முதலில் பார்க்கவேண்டியது, மரப்பிடங்கு பொருந்தும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கம். மேலே முடி, அதன்கீழ் மன்னரின் பெயரெழுத்து, தொழிற்சாலை, ஆண்டு, வகை என்ற ஒழுங்கில் எழுத்துகள் இறங்கும். என்பீல்ட் என்றிருந்தால் இங்கிலாந்தின் அரச ஆலை, பி.எஸ்.ஏ. என்றால் பேர்மிங்ஹாம் கம்பனி, எல்.எஸ்.ஏ. என்றால் இலண்டன் கம்பனி. லித்கோ என்றால் அவுஸ்திரேலியா. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூரில் செய்தவற்றில் மன்னரின் பெயரெழுத்தை ஜீ.ஆர்.ஐ. என்று காணலாம். இந்தியா சுதந்திரம் பெற்றபின் அதே ஆலையில் முடி நின்ற இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன. ஓர் ஆட்சி போய் இன்னொன்று வந்ததை இரண்டு விரலளவு இரும்பிலே காண்பது இக்கலையின் பேரின்பம்.

அடுத்தது சின்னப் பாகங்கள். தேர்ந்த கண்ணுக்கு இங்கேதான் வேலை. இ.எப்.டி. என்பது என்பீல்டின் சுருக்கம். முடி, எண், எழுத்து மூன்றும் சேர்ந்த சிறு குறி, பாகத்தைச் சோதித்த பரிசோதகருடையது. பின்னாளில் வந்த நாலாம் இலக்க வகையில், சதுரமாய் வெட்டிய எஸ் எழுத்து அமெரிக்காவின் சவேஜ் கம்பனியைக் காட்டும். எல், பி இரண்டும் பின்னிய குறி கனடாவின் லோங் பிராஞ்ச் ஆலையைக் காட்டும்.

உடைமைக் குறிகள் வேறு. அகன்ற அம்பு பிரித்தானிய அரசின் சொத்தென்பதற்கு அடையாளம். அதன்கீழ் ஐ எழுத்து இருந்தால் இந்திய அரசுடையது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். குறுக்கே வைத்த இரு கொடிகள், வெடித்துச் சோதித்ததற்குச் சான்று.

கடைசியாகத் தொடரிலக்கம். உடல், குழல், போல்ட், முன்மூடி, பின்குறி எல்லாவற்றிலும் ஒரே இலக்கம் இருந்தால் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது எனலாம். போல்ட்டில் வேறு இலக்கம் இருந்தாலோ, பி.எஸ்.ஏ. உடலில் இஷாப்பூர்ப் பாகம் இருந்தாலோ அதைக் குறையென்று தள்ளக்கூடாது. படைப் பட்டறைகளில் பழுது பார்த்தபோது கைக்கு வந்த நல்ல பாகத்தைப் பூட்டினார்கள். அந்தக் கலப்பும் துப்பாக்கியின் சரித்திரமே.

அரும்பொருட் காட்சியறைகளில் இவற்றைப் பேணுவோர் மினுக்குவதற்காக உப்புத்தாள் போடாதிருக்க வேண்டும். தேய்ந்துபோன முத்திரையைத் திரும்ப அடித்தால் அது போலி, மீட்க வழியில்லை.