ஒரே தாளில் இரு கைகள்

ஒருவர் வரைந்த தாளிலேயே இன்னொருவர் கவிதை எழுதுவதை ஜப்பானியர் ‘கஸ்ஸாகு’ என்கிறார்கள். கூடிச் செய்தது என்பதே இதன் பெருமையாகப் பேசப்படுகிறது. ஆனால் படமும் பாட்டும் ஒன்றையொன்று எவ்வளவு கவனிக்கின்றன என்பதில்தான் இதன் தரம் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவராயா சோதாட்சு நீண்ட காகிதச் சுருளில் பொன்னாலும் வெள்ளியாலும் நாரைக் கூட்டத்தை வரைந்தார். அதன்மேல் 36 பழங்கவிஞர்களின் பாடல்களை ஹொன்அமி கோயெட்சு மையால் எழுதினார். பறவைகளின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி, எழுத்தும் தடித்தும் மெலிந்தும் செல்கிறது. சுமார் 13.5 மீட்டர் நீளத்துக்கு இந்த ஒத்திசைவு குலையவில்லை. குறையும் இங்கேதான். அந்தப் பாடல்கள் நாரைகளுக்காக எழுந்தவை அல்ல. அவற்றைப் படிக்காமலே சுருளை முழுக்க ரசித்துவிடலாம். எழுத்துக்கலை வென்ற இடத்தில் கவிதை அலங்காரமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறானது ஜோசெட்சுவின் ஓவியம். 1415 வாக்கில் ராணுவ ஆட்சியாளரான ஷோகன் அஷிகாகா யோஷிமோச்சியின் விருப்பப்படி, சுரைக்குடுக்கையால் கெளுத்தி மீனைப் பிடிக்கப் பார்க்கும் ஒருவனை அவர் வரைந்தார். வழவழப்பான மீனை வழவழப்பான குடுக்கையால் பிடிப்பது எப்படி? 31 ஜென் துறவிகள் கவிதையில் பதில் சொன்னார்கள். பொருளளவில் படமும் பாட்டும் பிரிக்க முடியாதவை. ஆனால் முதலில் அவை ஒரு சிறு திரையின் இரு பக்கங்களில் இருந்தன. பிற்காலத்தில்தான் ஒரே தொங்குசுருளில் மேலும் கீழுமாக ஒட்டப்பட்டன. கண்ணுக்கு அவை இன்றும் தனித்தனியே நிற்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் எதோ (இன்றைய டோக்கியோ) நகரின் உணவு விடுதிகளில் நடந்த ‘ஷோகாகாய்’ கூட்டங்கள் இந்தக் கலையை நகரத்தாருக்குத் திறந்துவிட்டன. கட்டணம் செலுத்தியவர்கள் முன்னால், சாக்கே மதுவுக்கு நடுவே, கலைஞர்கள் அங்கேயே உடனுக்குடன் வரைந்தார்கள், எழுதினார்கள். அந்த வேகம் துணிச்சலைத் தந்தது: கவானாபே க்யோசாய் 1870இல் இப்படியொரு கூட்டத்தில் வரைந்த கேலிப்படத்துக்காகக் கைதானார். அதே வேகம், யோசித்து இணைவதற்கு நேரம் தரவில்லை. பிரபலங்களின் கையெழுத்தைச் சேர்ப்பதே பலருக்கு நோக்கமாயிற்று.

இந்தக் குறைகளையெல்லாம் தாண்டியவர்கள் கியோட்டோவின் பெண் துறவி ஒதாகாகி ரெங்கெட்சுவும் அவரைவிட 45 வயது இளையவரான தொமியோகா டெஸ்ஸாயும். கவிதையும் கையெழுத்தும் ரெங்கெட்சுவுடையவை. டெஸ்ஸாயின் படம் அவற்றுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. பழகி அறிந்த இருவர் என்பதால் பாட்டின் பொருளும் எழுத்தின் வடிவமும் படத்தோடு சேர்கின்றன.

எத்தனை பேர் கூடினார்கள், எவ்வளவு புகழ் பெற்றவர்கள் என்பது இக்கலைக்கு அளவுகோல் ஆகாது. அடுத்தவருக்கு இடம்விடத் தெரிந்தவர்களின் கூட்டே நிலைத்திருக்கிறது.