கட்டடக்கலையும் லயமும்

கட்டடக்கலையின் பொருள் யாது? உறுதி, பயன், அழகு ஆகிய மூன்றும் ஒருங்கமைவதே நற்கட்டடம் என்பது கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியசு வகுத்த இலக்கணம். இதனை உரைகல்லாகக் கொண்டு நம் மலையகத்தை நோக்குவோம்.

நுவரெலியாவுக்கு வருவோர் 1894இல் எழுந்த செங்கல் அஞ்சலகத்தையும் துரைமார் பங்களாக்களையும் வியந்து போற்றுவர். சரிவிலே நீண்டு கிடக்கும் லயத்தைக் கலையோடு சேர்த்து எண்ணுவார் இலர். ஆயினும் லயமும் திட்டமிட்டு அமைத்த கட்டடமேயாகும்.

கோப்பிக் காலத்தில் தோன்றிய அவ்வமைப்பிலே, குடும்பமொன்றுக்கு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் பின்சுவர் இரு குடும்பத்திற்கும் பொது. பின்புறம் சாளரம் வைக்க வழியில்லை. அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் பாடமும் ஓரிடத்திலேயே. நூறாண்டு கடந்தும் பல லயங்கள் நிற்றலின் உறுதி உண்டெனலாம். பயன் யாருக்கு என்பதே வினா. குறைந்த செலவில் மிகுந்த தொழிலாளரை ஓரிடத்தில் இருத்த விழைந்த நிருவாகத்திற்கு லயம் நன்கு பயன்பட்டது, குடியிருந்தோர்க்கு அன்று. ஆகவே, பயன் என்னும் சொல்லுக்குக் குடியிருப்போர் பயன் என்றே பொருள் கொள்ளல் வேண்டும்.

இஸ்தோப்பை அடைத்துச் சமையலறையாக்கிய தொழிலாளி இவ்வுண்மையை நூல் கல்லாமலே உணர்ந்தவர். லயத்தில் கட்டடக்கலை தொடங்கியது அவர் கையிலேதான். 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்திற்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எண்ணிக்கை வேண்டுவதே. எனினும், வரைபடம் வரையுமுன் அவ்வீட்டில் அடுப்பு மூட்டப்போகும் தாயின் சொல்லைக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்டு அமைத்த வீட்டில் அழகு தானே வந்து பொருந்தும்.