பின்வடம்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றங்கரைக்காரனுக்குக் கப்பல் ரசனை எதற்கு என்று கேட்பார்கள். நெல்லையப்பர் ஆனித் தேரைப் பார்த்து வளர்ந்தவன் நான். வடத்தை ஊரே பிடித்தாலும், தேர் முக்குத் திரும்புவது சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை கொடுக்கிறவர் கையில்தான் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துத் தள்ளும் டக் போட்டுகளைப் பார்க்கவும் அந்தக் கண் போதும். "முன்னால போறதுல என்ன இருக்கு அண்ணாச்சி? பின்னால கயித்தைப் பாருங்க" என்றார் துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர்.

வ.உ.சி. துறைமுகத்தின் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் கடலுக்குள் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீள்கின்றன. நடுவிலுள்ள வாய் வழியாக நிலக்கரிக் கப்பல் நுழைந்து வேகம் குறைக்கும்போது, தண்ணீரின் ஓட்டம் போதாமல் சுக்கான் சொன்னபடி கேட்காது. பிறகு டக்குகளின் ராஜ்யம். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் வாக்கி-டாக்கியில் ஒரு சொல் சொல்கிறார். தொய்ந்து கிடந்த பின்கயிறு மெல்ல எழுகிறது. இறுகும்போது அதன் புரிகளிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும். தேர்ந்த மாலுமியின் கயிறு எப்போது இறுகியது என்றே தெரியாது. அடியிலுள்ள உந்திகள் முழுவட்டமும் சுழல்வதால், முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் நழுவும் டக்குகளும் உண்டு. அந்த நழுவலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிலக்கரிக் கப்பலுக்காவது சொந்த இன்ஜின் இருக்கிறது. மிதக்கும் உலர்துறைக்கு அதுவும் இல்லை. கப்பலைத் தூக்கி வைத்துப் பழுதுபார்க்கும் இரும்புத் தொட்டி அது. இருபுறமும் உயர்ந்த சுவர்கள், காற்றடித்தால் அப்படியே வாங்கிக்கொள்ளும். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய கடற்படையின் எஃப்.டி.என்.-2 அப்படிப்பட்டது: நீளம் 185 மீட்டர், அகலம் 40 மீட்டர், 8,000 டன் கப்பலைத் தாங்கும். 2017 ஜூன் 20-ல் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். போக வேண்டிய இடம் அந்தமான்.

இந்த மாதிரிப் பொருளைத் திறந்த கடலில் நீளமான எஃகு வடத்தில் இழுப்பார்கள். வடம் தண்ணீருக்குள் தொங்கித் தொய்வதால் அலையின் உலுக்கல் அதிலேயே அடங்கிவிடும். துறைமுகத்துக்குள் அதற்கு இடமேது? வடத்தைச் சுருக்கி, முன்னால் இழுக்க, பக்கத்தில் தள்ள, பின்னால் பிடித்து நிறுத்த என்று டக்குகளைப் பிரித்து நிறுத்த வேண்டும். ஆபத்தும் இங்கேதான். இழுபடும் பொருள் டக்கை முந்திக் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால், சின்னப் படகு நொடியில் கவிழும். அதனால்தான் கயிற்றைச் சட்டென்று விடுவிக்கும் கொக்கி.

1928-ல் இங்கிலாந்தின் டைன் ஆற்றிலிருந்து சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கு ஒரு மிதக்கும் துறையை டச்சு டக்குகள் சூயஸ் வழியாகவே இழுத்து வந்தன. அந்தக் கால்வாய்க்குள் பின்கயிறு பிடித்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமை. திருகோணமலைக் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் பம்பாயில் கட்டிய பெரிய மிதக்கும் துறையைக் கடல் தாண்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். 1944 ஆகஸ்ட் 8-ல், வேலியன்ட் போர்க்கப்பலை ஏற்றியிருந்தபோதே அது உடைந்து மூழ்கிப்போனது. இழுத்து வந்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பல நாளாயிற்று.