'மக்கள்' என்றால் யார்? ஒரு ஜெர்மானியத் தீர்ப்பை முன்வைத்து

ஒரு ஊரில் இருபது வருடம் குடியிருந்து, வரி கட்டி, பிள்ளைகளை அந்த ஊர்ப் பள்ளிக்கே அனுப்புகிற ஒருவர். ஆனால் அந்த நாட்டின் குடியுரிமை அவருக்கு இல்லை. அந்த ஊர் மன்றத் தேர்தலில் அவருக்கு ஓட்டு கொடுக்கலாமா? "குடிமக்களுக்குத்தான் ஓட்டு, இதுல பேச என்ன இருக்கு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். ஒரு வாதத்தை எதிர்ப்பதானால் அதன் வலுவான வடிவத்தோடு மோத வேண்டும். இந்தப் பதிலின் வலுவான வடிவம் என்று நான் கருதுவது, ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1990 அக்டோபர் 31 அன்று வழங்கிய தீர்ப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களின் நடுவிலிருந்து மேற்கு ஜெர்மனி வெளிநாடுகளிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தது. 1961ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது. 'விருந்தினர் தொழிலாளர்' என்று பெயர். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்பது கணக்கு. 1973ல் ஆள் எடுப்பதை நிறுத்தியபோது பலர் போகவில்லை, குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். 1989ல் இரண்டு மாநிலங்கள் இதற்கு முகம் கொடுத்தன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், ஐந்து வருடம் குடியிருந்த டென்மார்க், அயர்லாந்து, நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து நாட்டவருக்கு உள்ளாட்சி ஓட்டு கொடுத்தது. ஹாம்பர்க், எந்த நாட்டவராக இருந்தாலும் எட்டு வருடம் குடியிருந்தால் நகரின் வட்டார மன்றங்களுக்கு ஓட்டுப் போடலாம் என்றது. இரண்டு சட்டங்களையும் நீதிமன்றம் ஒரே நாளில் ரத்து செய்தது.

தர்க்கம் நேரானது. அரசதிகாரம் முழுவதும் மக்களிடமிருந்து பிறக்கிறது என்கிறது அரசமைப்பின் 20ஆம் பிரிவு. மாநிலம், மாவட்டம், ஊர் எல்லாவற்றிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்க வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. இரண்டிலும் வருகிற 'மக்கள்' ஒரே மக்கள், ஜெர்மானிய மக்கள். ஊர் மன்றம் செலுத்துவதும் அரசதிகாரம்தான். ஆகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களாகவே இருக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. "ஊர் மன்றம்னா குப்பை அள்றதும் தெருவிளக்கும்தானே, யார் ஓட்டுப் போட்டா என்ன" என்ற மேலோட்டமான ஆதரவு வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சரிதான். ஜெர்மனியில் தொழில் வரியை எந்த அளவில் வசூலிப்பது என்பதை அந்தந்த ஊர் மன்றமே முடிவு செய்கிறது. சாதாரண அதிகாரம் இல்லை அது. ஆனால் அப்படியானால், அந்த ஊரில் கடை வைத்து அந்த வரியைக் கட்டுகிற துருக்கியருக்கு அதில் குரல் இல்லாததும் சாதாரண விஷயம் இல்லையே?

'ஒரே மக்கள்' என்ற அடித்தளத்துக்கு வருவோம். அரசமைப்பின் 116ஆம் பிரிவு, ஜெர்மானியர் யார் என்று சொல்லும்போது குடியுரிமை உள்ளவர்களோடு நிற்கவில்லை. போருக்குப் பின் அகதிகளாகவும் விரட்டப்பட்டவர்களாகவும் வந்த ஜெர்மானிய இனத்தவரை, குடியுரிமை இல்லாதபோதும், சேர்த்துக்கொள்கிறது. தீர்ப்பும் இதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, தேவை வந்தபோது 'மக்கள்' என்ற வட்டம் குடியுரிமைக்கு வெளியேயும் வரையப்பட்டிருக்கிறது.

இரண்டாவது விரிசல் சீக்கிரமே வந்தது. 1992ல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் எந்த உறுப்பு நாட்டில் குடியிருந்தாலும் அங்கே உள்ளாட்சி ஓட்டு உண்டு என்றது. அதே வருடம் டிசம்பரில் ஜெர்மனி தன் 28ஆம் பிரிவைத் திருத்தியது. இப்படி ஒரு திருத்தத்துக்குத் தடையில்லை என்று தீர்ப்பே சொல்லியிருந்தது, அதனால் சட்டப்படி முரண் இல்லை. ஆனால் கொள்கை என்ன ஆனது? சில மாதங்களுக்கு முன் வந்திறங்கிய போர்த்துகீசியர் ஊர் மன்றத்துக்கு ஓட்டுப் போடலாம்; முப்பது வருடமாக இருக்கிற துருக்கியர் கூடாது. மக்களாட்சி குலைந்துவிடவில்லை. குலையாது என்றால், துருக்கியரைத் தடுப்பது எந்தக் கொள்கை?

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. ஒரு அரசின் அதிகாரத்துக்கு நிரந்தரமாக உட்பட்டிருப்பவர்களும் அதில் உரிமை உள்ளவர்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மக்களாட்சிக்கு இசைவானதே என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்கான வழி குடியுரிமைச் சட்டத்தைத் திருத்துவதுதான், ஓட்டுச் சட்டத்தை அல்ல என்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்துவது யார்? ஏற்கெனவே ஓட்டு உள்ளவர்கள். வாசல் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. வெளியே நிற்பவரிடம் "திறந்து வா" என்கிறார்கள்.

காலக்கணக்கைப் பாருங்கள். 1965ல் 25 வயதில் வந்த ஒரு தொழிலாளிக்கு, தீர்ப்பு வந்தபோது வயது 50. ஜெர்மனியில் பிறக்கும் வெளிநாட்டவர் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை தரும் சட்டம் 2000ல் நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு 60. பழைய குடியுரிமையை விடாமலே, ஐந்து வருடக் குடியிருப்பில் விண்ணப்பிக்கலாம் என்று 2024ல் வந்தபோது 84.

எதிர்த்தரப்பின் நல்ல கேள்வி ஒன்று: குடிமகன் அந்த நாட்டின் தலைவிதியோடு கட்டுண்டவர், வெளிநாட்டவர் நாளைக்கே கிளம்பிவிடலாமே? நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை இதில் எடை இருக்கிறது. ஆனால் மியூனிக்கிலிருந்து கீல் நகருக்குக் குடிபெயர்ந்த ஜெர்மானியரும் நாளைக்கே கிளம்பலாம். அவருக்குக் கீலில் ஓட்டு கிடைப்பது அங்கே குடியிருப்பதால்தான். உள்ளாட்சி என்பது ஏற்கெனவே குடியிருப்பை வைத்து நடக்கிற விஷயம்.

இன்னொன்று, கொடுத்தாலும் பயன்படுத்துவதில்லை என்பது. 1976ல் ஸ்வீடன் மூன்று வருடம் குடியிருந்த வெளிநாட்டவருக்கு முதல்முறை ஓட்டு கொடுத்தபோது சுமார் 60 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். பிறகு அது நிறையக் குறைந்தது. ஆனால் ஓட்டுப் போடாத குடிமகனிடமிருந்து நாம் ஓட்டைப் பிடுங்குவதில்லை.

தமிழர்களுக்கு இந்த விவாதம் அந்நியமாக இருக்க முடியாது. இலங்கையின் மலையகத் தமிழர்கள் பலர் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள். 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது; அடுத்த வருடம் ஓட்டு குடிமக்களுக்கு மட்டும் என்றானது. பெரும்பாலோர் இரண்டையும் இழந்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர் சிக்கலைத் தீர்க்க 2003லும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஜெர்மனியின் கதை வேறு, அங்கே யாரும் இருந்த ஓட்டை இழக்கவில்லை. ஆனாலும் பொதுவான ஒன்று இருக்கிறது. 'குடிமக்களுக்கு மட்டும்' என்ற விதி எவ்வளவு நியாயமானது என்பது, குடிமகன் யார் என்று எழுதுகிற கை எவ்வளவு நியாயமானது என்பதைப் பொறுத்தது.

உள்ளாட்சி ஓட்டு குடியுரிமைக்கு ஈடாகாது. "அதான் ஓட்டு குடுத்தாச்சே" என்று குடியுரிமையைத் தள்ளிப்போடும் சாக்காகவும் அது ஆகிவிடலாம். அந்த எச்சரிக்கையோடுதான் நான் இதை ஆதரிக்கிறேன். நார்வே 1983லிருந்து மூன்று வருடம் குடியிருந்த எல்லா நாட்டவருக்கும் உள்ளாட்சி ஓட்டு கொடுக்கிறது. அங்கேயும் நாடாளுமன்றத் தேர்தல் குடிமக்களுக்கு மட்டுமே. எல்லை அழியவில்லை, காத்திருக்கும் வருடங்களில் பேச ஒரு இடம் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் தீர்ப்பு மறுத்தது அந்த இடத்தைத்தான்.