செவிகொடுத்தலும் மறைபொருள் காத்தலும்: இணையவழி உளநல ஆலோசனை பற்றிய ஒரு திறனாய்வு

மன அழுத்தம், பதற்றம், கணவன் மனைவியரிடையே எழும் பிணக்கு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நேரும் முறிவு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டியவர் முன்னாளில் பலர். இன்று அவர்களுள் ஒரு சாரார், கைப்பேசியின் வாயிலாக, முன்பின் அறியாத ஆலோசகர் ஒருவரிடம் தம் உள்ளத்தைத் திறக்கின்றனர். இதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

முதலாவதாக, இம்முறையின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. மனநல மருத்துவர் இல்லாத சிற்றூரார்க்கும், வீட்டை விட்டு வெளியேற இயலாத நோயாளர்க்கும், பிறர் காண மருத்துவமனைப் படியேற அஞ்சுவோர்க்கும் இது திறந்த வாசலாகும். தொலைவிலிருந்து செவிகொடுக்கும் பணி திருச்சபைக்கு அந்நியமானதும் அன்று. 1953இல் இலண்டன் மாநகரில், தற்கொலை எண்ணத்தால் வாடுவோர்க்கெனத் தொலைபேசிப் பணியைத் தொடங்கியவர் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் குருவானவரே. அதுவே சமாரிட்டன்ஸ் இயக்கமாக வளர்ந்தது.

எனினும், செவிகொடுத்தல் வணிகமாகும்போது நேரக்கூடியது யாது என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. பெட்டர்ஹெல்ப் என்னும் இணையவழி ஆலோசனை நிறுவனம் 2013இல் தோன்றியது. கிறிஸ்தவர்க்கென்றே ‘ஃபெய்த்ஃபுல் கவுன்சலிங்’ என்ற பெயரிலும் அது பணி நடத்தியது. உதவி நாடி வருவோர் முதலில் ஒரு வினாத்தாளை நிரப்புதல் வேண்டும். மனச்சோர்வு உண்டா, தற்கொலை எண்ணம் எழுந்ததா, மருந்து உட்கொள்கிறீரா என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. விடைகள் மறைவாகக் காக்கப்படும் என்ற வாக்குறுதியும் இருந்தது. ஆயினும், பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் உடல்நலத் தகவல்களும் விளம்பர நோக்கத்திற்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட், கிரிட்டியோ, பின்டரெஸ்ட் ஆகிய நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டன என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. பயனர்க்குத் திருப்பியளிக்க 78 இலட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. தவறிழைத்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

‘ஃபெய்த்ஃபுல்’ என்ற சொல்லுக்கு ‘உண்மையுள்ள’ என்பது பொருள். பிறருடைய மறைவை வெளியிடுவோனையும் அதனைத் தன்னுள் வைத்துக் காப்போனையும் வேறுபடுத்தும் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம், பின்னவனையே உண்மையுள்ளவன் என்கிறது. நமது சீர்திருத்த மரபும் இதனை மறக்கவில்லை. 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை, பாவங்கள் யாவற்றையும் எண்ணியுரைக்கும் கட்டாயத்தை நீக்கியது. தனிப்பட்ட பாவமன்னிப்பைச் சபைகளில் நிலைநிறுத்தியது. ஒருவர் தனிமையில் கூறியதைக் கேட்டவர் பண்டமாக்குவாராயின், அங்கே ஆலோசனை முடிந்து வாணிபம் தொடங்குகிறது.

ஆனால் இத்தீர்ப்பை அயல்நாட்டு நிறுவனத்தோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை உண்டோ? நாம் அறிந்த ஒரு சபையில், கணவரின் குடிப்பழக்கத்தால் துன்புற்ற சகோதரி ஒருவர் தமக்காக ஜெபிக்கும்படி ஆயரிடம் தனிமையில் வேண்டினார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவரது பெயரும் குறையும் ஜெபக் குறிப்பாக வாசிக்கப்பட்டன. நாமும் கண்களை மூடி ‘ஆமென்’ என்றோம். ஞாயிறன்று ஊர் முழுவதும் அதனை அறிந்திருந்தது. அச்சகோதரி அதன்பின் ஆலயத்திற்கு வரவில்லை. அங்கே பணம் கைமாறவில்லை. அன்பின் பெயரால் அதே மீறல் நிகழ்ந்தது. இத்தகையோர் முகமறியாத ஆலோசகரை நாடுவாராயின், அதில் வியப்பு யாது?

ஆதலால் ஆயர்களும் இறையியல் மாணவரும் இரு கடமைகளை ஏற்றல் நலம். ஒருவரை இணையவழி ஆலோசனைக்கு அனுப்புமுன், ஆலோசகரின் தகுதி யாது, தரப்படும் தகவல் எவரைச் சென்றடையும் என வினவ வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் பணியைக் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் அணுகலாம் என்பதையும் சபையார்க்கு அறிவிக்கலாம். இரண்டாவது கடமை கடினமானது. யோபின் நண்பர் ஏழு நாள் வாய்திறவாது அவனருகே அமர்ந்திருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே அவர்கள் தவறினர். கேட்டதைத் தன்னுள் அடக்கும் நாவை இறையியற் கல்வியின் ஒரு பாடமாக நாம் கற்பிக்கின்றோமா? சகோதரியின் துயரம் ஜெபக் குறிப்பாகாத சபையில்தான் மூடிய கதவு மீண்டும் தட்டப்படும்.